சிவப்பு விளக்கும் நிறுத்தக் கோடும்: வாகன ஓட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியச் சாலைகளில், குறிப்பாகத் தமிழ்நாட்டு நகரங்களில், இருசக்கர வாகனமோ காரோ ஓட்டுபவர்களை மனத்தில் கொண்டு இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சிக்னல் என்றால் விளக்கு என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். சட்டமோ விளக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நிற்பதைக் கோட்டில் நிற்கச் சொல்கிறது. கீழே உள்ள ஐயங்களில் பாதிக்கு மேற்பட்டவை விளக்கைக் கவனித்துவிட்டுக் கோட்டை மறந்ததால் எழுபவை.

சிக்னலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 119-ஆம் பிரிவு. கட்டாயப் போக்குவரத்துக் குறியீடுகள், மின்சாரச் சிக்னல்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் கட்டளைகள் ஆகிய மூன்றுக்கும் ஓட்டுநர் கட்டுப்பட வேண்டும் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. எந்த விளக்குக்கு என்ன பொருள், எங்கே நிற்க வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும் போன்ற நடைமுறைகள் மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017-இல் உள்ளன. அதற்கு முன்பு 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் நடைமுறையில் இருந்தன. இன்று ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களில் பலர் அந்தப் பழைய விதிகளைப் படித்துத் தேர்வெழுதியவர்கள் என்பதால், புதிய ஒழுங்குமுறைகளை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது. தண்டனைகளைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவற்றைப் பன்மடங்கு உயர்த்தியது. அந்த உயர்வுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

சிவப்பு விழுந்ததும் சரியாக எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

சாலையின் குறுக்கே பட்டையாகப் போடப்பட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு முன்பாக, வாகனத்தின் எந்தப் பகுதியும் அதைத் தாண்டாதபடி நிற்க வேண்டும். கோடு இல்லாத இடத்தில் பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடுகளுக்கு முன்பாகவும், அதுவும் இல்லாத இடத்தில் நம் பக்கத்துச் சிக்னல் கம்பத்துக்கு முன்பாகவும் நிற்க வேண்டும். சந்திப்பின் எதிர்ப்புறத்திலும் ஒரு கம்பத்தில் நமக்கான விளக்கு எரியக்கூடும். அது நின்றிருப்பவர்கள் எளிதாகப் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட துணை விளக்கு மட்டுமே. ‘அந்தக் கம்பம் வரை போகலாம்’ என்று அதற்குப் பொருள் இல்லை.

ஸ்டாப் லைனைத் தாண்டி நிற்பதும் சிக்னல் ஜம்ப்பும் ஒரே குற்றமா?

இல்லை. அபராதச் சீட்டு கையில் வந்த பிறகு எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை அறியாததால் வருபவை.

சிவப்பு எரியும்போது கோட்டைத் தாண்டி, ஆனால் சந்திப்புக்குள் போகாமல், வரிக்கோடுகளின் மீதோ அதற்குச் சற்று முன்னாலோ நிற்பது நிறுத்தக் கோட்டு மீறல். இது ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறிய செயல். பொதுத் தண்டனைப் பிரிவான 177-இன் கீழ் முதல் முறை 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஒழுங்குமுறைகளை மீறுவதற்கென்றே 2019-இல் சேர்க்கப்பட்ட 177-ஏ பிரிவின்படி அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாமலும் 1,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கும்.

சிவப்பு எரியும்போது கோட்டைத் தாண்டி, நிற்காமல் சந்திப்பைக் கடந்து செல்வது சிக்னல் ஜம்ப். இதை 184-ஆம் பிரிவு ‘ஆபத்தான முறையில் ஓட்டுதல்’ என்ற தலைப்பின்கீழ் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதும், எதிர்த்திசையில் வருவதும் அதே பட்டியலில் உள்ளன. முதல் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால், இரண்டு ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ என்று சட்டம் கடுமையாகிறது.

காவலர் அந்த இடத்திலேயே வாங்கும் தொகை, சட்டத்தின் 200-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு அறிவிக்கும் இணக்கத் தொகை, அதாவது வழக்கு நீதிமன்றம் போகாமல் முடிவதற்காகக் கட்டுவது. தமிழ்நாட்டில் இந்தத் தொகைகள் 2022 அக்டோபரில் மாற்றியமைக்கப்பட்டன. ஆகவே உங்கள் செலானில் தொகையைப் பார்ப்பதற்கு முன், எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 177 என்று இருப்பதும் 184 என்று இருப்பதும் பணத்தால் மட்டும் வேறுபடுபவை அல்ல. ஓட்டுநர் உரிமத்தின் கதியும் அதில்தான் இருக்கிறது.

ஸ்டாப் சைன் என்பதும் ஸ்டாப் லைன் என்பதும் ஒன்றுதானே?

பெயரில் உள்ள ஒற்றுமை பலரையும் ஏமாற்றுகிறது. ஸ்டாப் சைன் என்பது எட்டு மூலைகள் கொண்ட சிவப்புப் பலகை. அது இருக்கும் இடத்தில் விளக்கோ காவலரோ இல்லாவிட்டாலும், எதிரே வாகனமே வராவிட்டாலும், சக்கரம் ஒருமுறை முழுமையாக நின்ற பிறகே நகர வேண்டும். அந்தப் பலகையை மதிக்காமல் செல்வது 184-ஆம் பிரிவின் பட்டியலில் சிக்னல் ஜம்ப்புக்கு அடுத்தபடியாகவே வருகிறது. சிக்னலில் கோட்டைத் தாண்டி நிற்பதைவிடக் கிளைச் சாலை முனையில் இருக்கும் எண்கோணப் பலகையை மதிக்காமல் போவது சட்டத்தின் பார்வையில் பெரிய குற்றம் என்பது, வேகத்தைச் சற்றே குறைத்து அந்தப் பலகையைக் கடந்து பழகிய நமக்கு வியப்பாக இருக்கலாம்.

முன்சக்கரம் மட்டும்தான் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அதுவும் மீறலா?

ஆம். சட்டம் சக்கரத்தை அளந்து பேசவில்லை, வாகனம் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும் என்கிறது. ஓரங்குலத்துக்கு ஒரு காவலர் சீட்டு எழுதுவாரா என்பது வேறு கேள்வி. ஆனால் கோடு எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரிந்தால், ‘முன்சக்கரம் மட்டும்’ என்ற சமாதானம் நிற்காது.

கோட்டுக்கும் வரிக்கோடுகளுக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளி, நடந்து கடப்பவர் வாகனத்தின் மூக்கைத் தொடாமல் போவதற்கானது. பல சந்திப்புகளில் குறுக்குச் சாலையிலிருந்து வலப்புறம் திரும்பும் நீளமான பேருந்துக்கும் லாரிக்கும் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகவும் கோடு பின்தள்ளிப் போடப்படுகிறது. நான்கு இருசக்கர வாகனங்கள் கோட்டைத் தாண்டி நின்றால், அந்தப் பேருந்து ஒரே வளைவில் திரும்ப முடியாமல் நடுச் சந்திப்பில் நிற்கும். அதற்குப் பின்னால் வரும் அனைவருக்கும் ஒரு பச்சை வீணாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடைவெளிகளில் நுழைந்து முன்னால் போய், கோட்டையும் தாண்டிப் பேருந்துக்கோ லாரிக்கோ நேர் முன்னால் வண்டியை நிறுத்துபவர், உயரமான இருக்கையில் இருக்கும் அந்த ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் நிற்கிறார். அதோடு, கோட்டின் அருகே உள்ள தமக்கான விளக்கு இப்போது அவருக்குப் பின்னால் போய்விட்டது. பக்கத்துச் சாலையின் வாகனங்கள் நிற்பதையும் பின்னால் எழும் ஹாரனையும் வைத்துத்தான் பச்சை விழுந்ததை அவர் ஊகிக்கிறார். ஊகம் ஒரு விநாடி முந்திவிட்டால் அவரே முதல் ஆளாகச் சந்திப்பில் இருப்பார், கடைசி நேரத்தில் பாய்ந்து வரும் குறுக்குச் சாலை வாகனமும் அங்கே இருக்கும்.

தெரியாமல் கோட்டைத் தாண்டி நின்றுவிட்டேன். பின்னால் எடுக்கலாமா, முன்னால் போய்விடலாமா?

முன்னால் போகவே கூடாது. அப்படிப் போனால் 177-இல் முடிய வேண்டியது 184-ஆக வளரும். பின்னால் வாகனமோ ஆளோ இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தால், இருசக்கர வாகனத்தைக் காலால் தள்ளிப் பின்வாங்கலாம். காரில் இருப்பவர் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று, நடப்பவர்களுக்குக் கையால் வழிகாட்டிப் பச்சைக்காகக் காத்திருப்பதே நல்லது. சிக்னலில் காரைப் பின்னோக்கி எடுத்துப் பின்னால் நிற்கும் ஸ்கூட்டரை இடிப்பதைவிட அபராதம் மலிவு.

மஞ்சள் விழுந்தால் வேகம் எடுத்துக் கடக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா?

நிற்க வேண்டும். பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டும், அதே சீரான வேகத்தில் கடந்து செல்லலாம். ‘மஞ்சள் என்றால் சீக்கிரம் போ’ என்ற வழக்கத்துக்கு விதியில் எந்த இடத்திலும் ஆதாரம் இல்லை. ‘மஞ்சள் என்றால் தயாராகு’ என்று பள்ளியில் படித்ததும் அரைகுறையானது. இங்கே பச்சைக்குப் பிறகு வரும் மஞ்சள், சிவப்பு வரப்போகிறது என்ற அறிவிப்பு.

நெருங்கிவிட்டேனா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? சிறிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் விநாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் நகர்கிறது. மஞ்சளைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று கொண்டால் அதற்குள் 11 மீட்டர் போய்விடும். அதன்பின் பயணிகள் குலுங்காத அளவுக்கு மிதமாகப் பிரேக் பிடித்தால், வாகனம் நிற்க மேலும் 21 மீட்டர் வேண்டும். மொத்தம் 32 மீட்டர். மஞ்சள் 3 விநாடி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக்கைத் தொடாமல் போகும் அதே வாகனம் அந்த நேரத்தில் 33 மீட்டர் கடக்கும். அதாவது கோட்டுக்கு 32 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் நின்றுவிட முடியும், அதற்குள் இருப்பவர் சிவப்புக்கு முன்பே கோட்டைக் கடந்துவிட முடியும். இருவருக்கும் வழி இருக்கிறது.

இப்போது வேகத்தை 60 ஆக்குங்கள். விநாடிக்கு 16.7 மீட்டர். எதிர்வினைக்கு 17 மீட்டர், பிரேக்குக்கு 46 மீட்டர், மொத்தம் 63 மீட்டர். 3 விநாடியில் கடக்கக்கூடியதோ 50 மீட்டர். கோட்டுக்கு 50 மீட்டருக்கும் 63 மீட்டருக்கும் இடைப்பட்ட தூரத்தில் மஞ்சளைப் பார்ப்பவரால் மிதமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கடக்கவும் முடியாது. இந்த இக்கட்டான பகுதியை டெனோஸ் கேசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸெய் மரதுதின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1960-இலேயே கணித முறையில் எடுத்துக்காட்டினார்கள். வேகச் சாலைகளில் மஞ்சள் நேரத்தைக் கூட்டிவைப்பது இதற்குப் பொறியாளர்கள் காணும் தீர்வு. ஓட்டுநரின் கையில் இருக்கும் தீர்வு, பச்சை எரிந்தாலும் சந்திப்பை நெருங்கும்போது வேகத்தை 40-க்கு இறக்கிக்கொள்வது. மழையில் சாலை நனைந்திருந்தாலோ பின்னால் மூவர் ஏறியிருந்தாலோ இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும் என்பதையும் நினைவில் கொள்க. (மூவர் ஏறுவது தனிக் குற்றம் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

மஞ்சளில் கோட்டைத் தாண்டிவிட்டேன், சந்திப்பின் நடுவே இருக்கும்போது சிவப்பு விழுந்தது. நடுவிலேயே நிற்க வேண்டுமா?

வேண்டாம். சிவப்புக்கான விதி கோட்டுக்கு முன் இருப்பவருக்கானது. முறையாகக் கோட்டைத் தாண்டியவர், நிதானமாகச் சந்திப்பைக் கடந்து வெளியேற வேண்டும். ஒரு பக்கம் சிவப்பு விழுந்த பிறகும் மறுபக்கம் பச்சை விழாமல் ஓரிரு விநாடி எல்லாத் திசைகளிலும் சிவப்பாகவே வைக்கப்படுவது இத்தகையவர்கள் வெளியேறுவதற்காகத்தான். அந்த ஓரிரு விநாடியை ‘எனக்கும் நேரம் இருக்கிறது’ என்று கோட்டுக்குப் பின்னால் இருப்பவர் எடுத்துக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது.

விநாடிகளைக் காட்டும் டைமர் 3, 2, 1 என்று இறங்கும்போது நகரத் தொடங்கலாமா?

டைமர் ஒரு தகவல் பலகை, சிக்னல் அன்று. பச்சை எரியும் வரை சிவப்புதான். வண்டியை அணைத்து வைத்திருப்பவர் எஞ்சினை இயக்கிக்கொள்ள அந்த எண்கள் உதவும், எரிபொருளும் மிச்சமாகும். அதற்கு மேல் அவற்றுக்குப் பயன் இல்லை. குறுக்குச் சாலையில் பச்சை முடியும் விநாடிகளைப் பார்த்து ஒருவர் விரட்டிக்கொண்டு வர, இந்தப் பக்கம் சிவப்பு முடியும் விநாடிகளைப் பார்த்து இன்னொருவர் பாய, இருவரும் ஒரே எண்களை நம்பி ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

சிவப்பு எரியும்போது இடப்புறம் திரும்புவது எப்போதும் ஃப்ரீதானே?

இல்லை. ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்ற பலகை இருந்தாலோ, இடப்புறம் செல்லப் பச்சை அம்பு எரிந்தாலோ மட்டுமே திரும்பலாம். பலகை இல்லாத சந்திப்பில் சிவப்பு என்பது மூன்று திசைகளுக்கும் சிவப்பு. ஊர் முழுவதும் சில சந்திப்புகளில் அனுமதி இருப்பதால் எல்லாச் சந்திப்பிலும் உண்டு என்ற நம்பிக்கை வளர்ந்துவிட்டது. அனுமதி உள்ள இடத்திலும் நடந்து கடப்பவருக்கும் குறுக்கே நேராக வரும் வாகனத்துக்கும் வழிவிட்ட பிறகே திரும்ப வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. நேராகப் போக வேண்டியவர் இடது ஓரத்தில் போய் நின்று ஃப்ரீ லெஃப்டை அடைப்பது, பின்னால் இருப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும் செயல். நேராகப் போகிறவருக்கான இடம் நடுத் தடம்.

பச்சை விழுந்துவிட்டால் யாரையும் பார்க்காமல் போகலாம் அல்லவா?

பச்சை அனுமதி மட்டுமே. பச்சை விழும் முன்பே கடக்கத் தொடங்கி நடுவில் மாட்டிக்கொண்ட முதியவருக்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். எதிரே போகும் வழி அடைபட்டிருந்தால், பச்சையாக இருந்தாலும் கோட்டிலேயே நிற்பதுதான் முறை. குறுக்குமறுக்காக மஞ்சள் கோடுகள் போட்ட கட்டம் சந்திப்பில் இருந்தால், மறுபுறம் வெளியேற இடம் தெரியாமல் அதற்குள் நுழையக் கூடாது. வலப்புறம் திரும்புபவர், தனி அம்பு விளக்கு இல்லாத இடத்தில், எதிரே நேராக வருபவரை அனுப்பிவிட்டே திரும்ப வேண்டும். அம்பு எரிந்தால் அது காட்டும் திசைக்கு மட்டுமே அனுமதி. நேராகச் செல்லும் பச்சை அம்பைப் பார்த்து யூ-டர்ன் அடிக்க இயலாது.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால்?

விட்டுவிட்டு எரியும் மஞ்சள், வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையாகச் செல் என்பதற்கானது. இரவில் போக்குவரத்து குறைந்த பிறகு பல சிக்னல்கள் இந்த நிலைக்கு மாற்றப்படுகின்றன. விட்டுவிட்டு எரியும் சிவப்பைக் கண்டால் முழுமையாக நின்று, பாதுகாப்பு என்று தெரிந்த பின் செல்ல வேண்டும். அதாவது அது எண்கோணப் பலகைக்குச் சமம்.

சிக்னல் வேலை செய்யவில்லை, காவலரும் இல்லை. யாருக்கு முன்னுரிமை?

அந்தச் சந்திப்பைச் சிக்னல் இல்லாத சந்திப்பாகவே கருத வேண்டும். பிரதான சாலையில் வருபவருக்குக் கிளைச் சாலையிலிருந்து வருபவர் வழிவிட வேண்டும். இரண்டும் சமமான சாலைகள் என்றால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். நம் ஊரில் பெரிய வண்டிக்கே முன்னுரிமை என்பதுதான் எழுதாத விதி. எழுதிய விதி வலப்பக்கம் என்பதை விபத்து வழக்கில்தான் பலர் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

சிவப்பு எரிகிறது, ஆனால் காவலர் ‘போ’ என்று கை காட்டுகிறார். எதற்குக் கட்டுப்படுவது?

காவலருக்கு. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கும் சீருடைக் காவலரின் கைச்சைகை விளக்கை விஞ்சும். பச்சை எரிந்தும் அவர் ‘நில்’ என்றால் நிற்க வேண்டும். அவர் அனுப்பிய நேரத்தில் கேமரா படம் எடுத்து அபராதம் வந்தால், அதே படத்திலோ காணொளியிலோ காவலர் இருப்பதைச் சுட்டிக்காட்டி மறுப்பு தெரிவிக்கலாம்.

நள்ளிரவு 2 மணி. சாலையில் யாருமே இல்லை. சிவப்பு நிலையாக எரிகிறது. போகலாமா?

கூடாது. சட்டம் கடிகாரம் பார்ப்பதில்லை. ‘யாருமே இல்லை’ என்று நீங்கள் நினைக்கும் அதே நேரத்தில் குறுக்குச் சாலையில் பச்சையைப் பார்த்து 80-இல் வருபவரும் அப்படியே நினைக்கிறார். காருக்குப் பக்கவாட்டில் மோதல் நிகழ்ந்தால் ஓட்டுநருக்கும் மோதும் வாகனத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கதவின் கனம் மட்டுமே. முன்பக்கத்தில் இருப்பது போல எஞ்சினும் பானெட்டும் நொறுங்கி அதிர்ச்சியைத் தாங்குவதற்கு அங்கே இடமில்லை. இருசக்கர வாகனத்தில் அந்தக் கதவும் இல்லை.

பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது, எதிரே சிவப்பு. கோட்டைத் தாண்டி வழிவிடலாமா?

கேள்விகளிலேயே கடினமானது இது. அவசர வாகனத்துக்கு வழிவிடாமல் இருப்பது 194-இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். அதே வேளையில், தேவைப்படும்போது தக்க கவனத்துடன் சிவப்பைக் கடக்கும் சலுகையை 2017 ஒழுங்குமுறைகள் சைரனும் சுழல் விளக்கும் இயங்கும் அந்த அவசர வாகனத்துக்குத் தருகின்றன. அதன் முன்னால் நிற்கும் நமக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை.

ஆகவே முதலில் இடப்புறம் ஒதுங்க முயல வேண்டும். வரிசையில் ஒவ்வொருவரும் அரை அடி நகர்ந்தாலே பல இடங்களில் வழி பிறக்கும். அப்படியும் வழி இல்லை, நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள் என்றால், குறுக்கே வாகனம் வரவில்லை என்று பார்த்து, கோட்டைத் தாண்டி இடப்பக்க ஓரமாக மெல்ல நகர்ந்து, ஆம்புலன்ஸ் போனதும் அங்கேயே நிற்பதுதான் என் பார்வையில் சரியான செயல். அதற்கு அபராதம் வந்தால், நேரத்தையும் படத்தில் தெரியும் ஆம்புலன்ஸையும் காட்டி மறுத்துப் பேச இடம் உண்டு. செய்யவே கூடாதது ஒன்று: ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் சாக்கில் சந்திப்பைக் கடந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த இரண்டு சிக்னல்களையும் தாண்டுவது.

கோடு அழிந்துபோயிருந்தது. அபராதத்தை எதிர்க்கலாமா?

எதிர்க்கலாம். சாலை புதிதாகப் போடப்பட்டுக் கோடு இன்னும் வரையப்படாமல் இருப்பதும், டயர் தேய்த்தே கோடு மறைந்துபோவதும் நம் நகரங்களில் வழக்கமான காட்சிகள். அதே நாளில் அந்த இடத்தின் படத்தைத் தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடு அழிந்தது என்ற வாதம் நிறுத்தக் கோட்டு மீறலுக்கு மட்டுமே உதவும். சிவப்பில் சந்திப்பைக் கடந்தவருக்கு அது உதவாது. வரிக்கோடுகளோ சிக்னல் கம்பமோ அங்கே தெளிவாக இருந்திருந்தால் வாதம் மேலும் வலுவிழக்கும்.

கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? அபராத அறிவிப்பில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

சிக்னல் கேமராவின் அடிப்படை எளிது. சிவப்பு எரியும் நேரத்தில் வாகனம் கோட்டுக்கு முன்னால் இருப்பதைக் காட்டும் ஒரு படம், அதே சிவப்பில் கோட்டைத் தாண்டியதைக் காட்டும் இன்னொரு படம். எண் பலகையை வாசிக்கும் மென்பொருள் பதிவெண்ணை எடுத்து உரிமையாளரின் விவரத்துடன் இணைக்கிறது.

மின்னணுக் கண்காணிப்புக்குச் சட்டத்தின் 136-ஏ பிரிவு அடிப்படை. அதை நடைமுறைப்படுத்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. அன்று வகுத்தபடி, கருவிக்கு மாநில அரசு குறிப்பிடும் அதிகாரியின் சான்றிதழ் இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கண்காணிப்பு இருப்பதை அறிவிக்கும் பலகை வைக்கப்பட வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். மீறலையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும்.

அறிவிப்பு வந்ததும் பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கு தெரிகிறதா, கோடு தெரிகிறதா, வண்டி உங்களுடையதா? ‘8’ என்ற எண்ணும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் மென்பொருளின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியக்கூடியவை. நிறமும் மாதிரியும் ஒத்துப்போகவில்லை என்றால் இ-செலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யலாம்.

வண்டியை விற்று ஆறு மாதம் ஆகிறது, செலான் எனக்கு வருகிறது. அண்ணன் மகன் ஓட்டியதற்கும் எனக்கே வருகிறது. என்ன செய்வது?

கேமரா எண் பலகையைப் பார்க்கிறது, ஓட்டியவரின் முகத்தை அன்று. ஓட்டியவர் யார் என்று கேட்கப்பட்டால் அவருடைய பெயர், முகவரி, உரிம விவரங்களைத் தெரிவிக்கும் கடமையை 133-ஆம் பிரிவு உரிமையாளர் மீது சுமத்துகிறது. ஓட்டிய அண்ணன் மகன் 18 வயது நிரம்பாதவர் என்றால் நிலைமை வேறு. 199-ஏ பிரிவின் கீழ் வண்டியின் உரிமையாளரோ பாதுகாவலரோ குற்றவாளியாகக் கருதப்பட்டு, 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

விற்ற வண்டியைப் பொறுத்தவரை, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரும், 30 நாட்களுக்குள் வாங்கியவரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு கூறுகிறது. முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு, ‘அவர் மாற்றிக்கொள்வார்’ என்று காத்திருப்பவருக்குத்தான் செலான்கள் வந்துகொண்டே இருக்கும். ஆர்சி எனப்படும் பதிவுச் சான்று உங்கள் பெயரில் இருக்கும் வரை வண்டி உங்களுடையதுதான்.

சிக்னல் ஜம்ப்புக்கு உரிமம் பறிபோகுமா?

போகலாம். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அனுப்பிய கட்டளையில், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, கைபேசி பேசிக்கொண்டு ஓட்டுவது உள்ளிட்ட குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று கூறியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 184-ஆம் பிரிவுக் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால், காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றித் தகுதியிழப்பு நடவடிக்கைக்காக உரிம அலுவலகத்துக்கு அனுப்பலாம். அவ்வாறு கைப்பற்றினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உரிமத்தை நம்பிப் பிழைக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் சரக்கு வண்டி ஓட்டுநருக்கும் மூன்று மாதம் என்பது ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு ஒப்பிடக்கூடிய இழப்பு அன்று.

நான் கோட்டில் சரியாக நின்றாலும் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்து நகரச் சொல்கிறார்கள்.

நகராதீர்கள். முன்னால் இரண்டடி காலியாக இருப்பதைக் கண்டால் பின்னால் இருப்பவருக்குப் பொறுக்காது என்பது உண்மை. ஆனால் படத்தில் விழப்போவது உங்கள் எண் பலகை, ஹாரன் அடித்தவருடையது அன்று.

செலான் என்று கைபேசிக்கு ஒரு கோப்பு வந்திருக்கிறது. திறக்கலாமா?

திறக்க வேண்டாம். ஏபிகே என்று முடியும், கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பையோ, அறியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பையோ அழுத்தச் சொல்லி, போலிச் செலான் அனுப்பி வங்கிப் பணத்தைத் திருடும் மோசடி நாடு முழுவதும் நடக்கிறது. மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனின் இ-செலான் பக்கத்துக்கு நீங்களே சென்று, வண்டி எண்ணையோ செலான் எண்ணையோ கொடுத்துப் பார்த்தால் உண்மையான நிலுவை தெரிந்துவிடும். அங்கே இல்லாத அபராதத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கே இருக்கும் அபராதத்துக்குப் பணமும் அங்கேயே கட்டலாம், ரசீதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.